லாரா ராஜ்: 1,20,000 பேரில் இருந்து 6 பேர், கே-பாப் பயிற்சிப் பட்டறை ஒரு தமிழ்ப் பாடகியை எப்படி உருவாக்கியது?

2025 நவம்பர் 7 அன்று வெளியான கிராமி பரிந்துரைப் பட்டியலில், 'சிறந்த புதிய கலைஞர்' பிரிவில் கேட்ஸ்ஐ என்ற பெண்கள் குழுவின் பெயர் இருந்தது. ஆறு பேர் கொண்ட அந்தக் குழுவில் ஒருவர் லாரா ராஜ். அப்போது வயது 20. முழுப்பெயர் லாரா ராஜகோபாலன். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரிந்திருக்கும். நெற்றியில் பொட்டு, மூக்குத்தி, ஜீன்ஸ் என்று ரீல்ஸில் வந்துபோகும் பெண் இவர்தான். பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் "நம்ம பொண்ணு" என்று சுற்றும் வீடியோக்களும் இவருடையவைதான்.

ஆனால் லாராவின் கதை, திறமையான ஒரு பெண்ணை யாரோ கண்டுபிடித்துத் தூக்கிவிட்ட கதை அல்ல. பல நாடுகளில் ஆள் தேடி, வடிகட்டி, பயிற்சி கொடுத்து, மதிப்பெண் போட்டு, கடைசியில் கேமரா முன் வாக்கெடுப்புக்கு விட்ட ஒரு நிறுவன ஏற்பாட்டின் கதை. அந்த ஏற்பாட்டை நடத்திய ஹைப் நிறுவனம் 2025 செப்டம்பரில் மும்பையில் கிளை திறந்துவிட்டது. இந்தியாவில் ஆடிஷன் நடத்துவதும், உள்ளூர்க் கலைஞர்களைப் பயிற்றுவிப்பதும் அதன் அறிவிக்கப்பட்ட திட்டம். அதனால் லாரா யார் என்பதோடு, அவர் எந்த வழியாக வந்தார் என்பதும் நமக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

சுருக்கமாக

- லாரா ராஜ், ஹைப் (தென் கொரியா), கெஃபன் ரெக்கார்ட்ஸ் (அமெரிக்கா) ஆகிய இரண்டு நிறுவனங்களும் கூட்டாக உருவாக்கிய கேட்ஸ்ஐ குழுவின் உறுப்பினர்.
- சுமார் 1,20,000 விண்ணப்பங்களில் தொடங்கி, 20 பேராகச் சுருங்கி, 2023 நவம்பரில் 6 பேர் தேர்வானார்கள்.
- குழுவின் இரண்டாவது மினி ஆல்பம் 2025-ல் பில்போர்டு 200 பட்டியலில் 4-ஆம் இடத்தைப் பிடித்தது.
- புகழோடு இனவெறி வசவும் கொலை மிரட்டலும் வந்தன.

யார் இந்த லாரா ராஜ்?

பிறந்தது 2005 நவம்பர் 3. அக்கா ரியா ராஜும் பாடகிதான். தனிப் பாடகியாகத் தன் பாட்டுகளை வெளியிட்டு வருபவர். ஆக, வீட்டுக்குள்ளேயே பாட்டு ஒரு தொழிலாக இருந்த சூழலில்தான் லாரா வளர்ந்தார்.

ராஜகோபாலன் என்ற பெயர் மேடையில் 'ராஜ்' என்று சுருங்கியது. ஆபீஸ் மீட்டிங்கில் தன் பெயரைப் பாதியாக வெட்டிச் சொல்லிப் பழகிய எவருக்கும் இது புதிதில்லை. பெயர் சுருங்கினாலும் பொட்டு போகவில்லை. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியலாம், ஆனால் அமெரிக்க பாப் சந்தையில் அப்படி இல்லை. அதற்குப் பிறகு வருவோம்.

2023-ல் லாராவோடு தேர்வான மற்ற ஐந்து பேர்: பிலிப்பைன்ஸின் சோஃபியா, தென் கொரியாவின் யூன்ச்சே, சுவிட்சர்லாந்தின் மனோன், அமெரிக்காவின் டேனியேலா, மேகன். மனோனின் குடும்ப வேர் கானாவிலும் இத்தாலியிலும் இருக்கிறது. டேனியேலாவுக்குக் கியூபா, வெனிசுவேலா. மேகனுக்குச் சீனா, சிங்கப்பூர். குழுவில் கொரியர் ஒரே ஒருவர்.

1,20,000-ல் இருந்து 6: தேர்வு எப்படி நடந்தது?

பிடிஎஸ் குழுவை உருவாக்கிய நிறுவனம்தான் ஹைப். கே-பாப் பாட்டுகளை ஏற்றுமதி செய்வதோடு நிற்காமல், கே-பாப் உருவாக்கும் முறையையே ஏற்றுமதி செய்தால் என்ன என்பது அதன் தலைவர் பாங் ஷி-ஹ்யூக்கின் கணக்கு. அதற்காக கெஃபன் ரெக்கார்ட்ஸுடன் கைகோத்து, 2021-ல் உலகளாவிய பெண்கள் குழுவுக்கான ஆடிஷன் அறிவிக்கப்பட்டது.

வந்த விண்ணப்பங்கள் சுமார் 1,20,000. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வருடத்துக்கும் மேல் பயிற்சி எடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் அவர்களில் 20 பேரின் பெயர்கள் வெளியாகின. பிறகு 'ட்ரீம் அகாடமி' என்ற நிகழ்ச்சி. சுற்றுக்குச் சுற்று ஆள் குறைப்பு. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் 10 பேர். 2023 நவம்பர் 17 அன்று 6 பேர் அறிவிக்கப்பட்டார்கள்.

இந்த எண்கள் எவ்வளவு கடினமானவை என்று புரிய ஓர் ஒப்பீடு:

- கேட்ஸ்ஐ: சுமார் 1,20,000 விண்ணப்பம், 6 இடம். அதாவது 20,000 பேருக்கு ஒருவர்.
- யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வு 2024: 9,92,599 விண்ணப்பம், 1,009 பேர் தேர்வு. அதாவது சுமார் 984 பேருக்கு ஒருவர்.

மேலோட்டமாகப் பார்த்தால் கேட்ஸ்ஐயில் இடம் பிடிப்பது ஐஏஎஸ் ஆவதைவிட 20 மடங்கு கடினம். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆடிஷனுக்கு வீடியோ அனுப்புவது யுபிஎஸ்சி-க்குத் தயாராவது மாதிரி இல்லை. சும்மா முயன்று பார்த்தவர்களும் அந்த 1,20,000-ல் இருப்பார்கள். எல்லோரும் விண்ணப்பித்தும் வரவில்லை. மனோனை நிறுவனமே இன்ஸ்டாகிராமில் பார்த்துத் தேடிப்போய் அழைத்தது. வரிசையில் நின்றவர்களும் இருந்தார்கள், கதவு தானாகத் திறந்தவர்களும் இருந்தார்கள். பெரிய நிறுவனங்களின் ஆள் தேர்விலும் நடப்பதுதானே இது!

உண்மையான வடிகட்டல் அந்த 20-ல் இருந்து 6 வரைக்கும் நடந்தது. மாதக்கணக்கில் முழுநேரமும் பயிற்சி எடுத்தவர்களில் 14 பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். முதலில் வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவரான ஸ்லோவாக்கியாவின் அடேலா, இன்று அமெரிக்காவில் தனிப் பாடகியாகப் பெயர் எடுத்திருக்கிறார். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

'டிரெய்னி' என்றால் என்ன?

கே-பாப் உலகத்தில் இந்தச் சொல் முக்கியம். பாடகராக அறிமுகமாவதற்கு முன், நிறுவனத்தின் செலவில், நிறுவனத்தின் கண்காணிப்பில் பயிற்சி எடுக்கும் காலம் இது. கொரியாவில் பலருக்கு இது மூன்று, நான்கு வருடம். சிலருக்கு அதற்கும் மேல். பாட்டு, நடனம், மொழி, கேமரா முன் நிற்கும் விதம், பேட்டி கொடுக்கும் விதம் எல்லாமே பாடத்திட்டம்.

ஐடி கம்பெனியில் ஃப்ரெஷராகச் சேர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு பாதி பழக்கமானதுதான். முதலில் டிரெய்னிங், நடுவில் அசெஸ்மென்ட், பாஸ் ஆகாவிட்டால் வெளியே. ஆனால் இரண்டு பெரிய வித்தியாசம் உண்டு. ஒன்று, ஃப்ரெஷருக்குப் பயிற்சியின்போதே சம்பளம் வரும். டிரெய்னிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. இரண்டு, ஃப்ரெஷருக்கு 21, 22 வயது. டிரெய்னிக்குப் பெரும்பாலும் பதின்ம வயது.

லாராவும் மற்றவர்களும் பட்ட பாடு நெட்ஃப்ளிக்ஸில் 'பாப் ஸ்டார் அகாடமி: கேட்ஸ்ஐ' என்ற எட்டு பகுதி ஆவணத் தொடராக 2024 ஆகஸ்ட் 21 அன்று வெளியானது. இயக்கியவர் நாடியா ஹால்கிரன். இதில் ரொம்பவும் உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. பொதுமக்கள் வாக்களிக்கும் போட்டி நிகழ்ச்சி மூலமாகத்தான் குழு முடிவாகும் என்பது, பயிற்சி பாதி கடந்த பிறகுதான் அந்தப் பெண்களுக்குத் தெரியவருகிறது. பலர் உடைந்துபோகிறார்கள். நேற்றுவரை ஒரே அறையில் தங்கிப் பழகிய தோழி, இன்று முதல் போட்டியாளர். ஒருவர் பாதியிலேயே போட்டியிலிருந்து தானாக விலகினார்.

நிறுவனமே தயாரிப்பில் பங்கெடுத்த தொடரிலேயே இது காட்டப்படுகிறது என்பது கவனிக்க வேண்டியது. அதாவது, இந்த வலியும் விற்பனைப் பொருளின் ஒரு பகுதிதான். பாட்டு வருவதற்கு முன்பே ரசிகர்கள் வந்துவிடுகிறார்கள். வாக்களித்தவர்களுக்கு அந்தக் குழு 'நாம் உருவாக்கியது'.

கிராமி பரிந்துரை வரையிலான பயணம்

- 2024 ஜூன் 28: முதல் பாடல் 'டெபு' வெளியீடு.
- 2024 ஜூலை 26: இரண்டாவது பாடல் 'டச்'. டிக்டாக்கில் பரவி, குழுவை முதன்முதலில் பரவலாக அறிமுகப்படுத்திய பாட்டு இதுதான்.
- 2024 ஆகஸ்ட் 16: முதல் மினி ஆல்பம்.
- 2025 ஏப்ரல் 30: 'நார்லி'. வெளியான புதிதில் "இது என்ன பாட்டு" என்று கேலி செய்யப்பட்டது. மேடை நடனம் வெளிவந்ததும் நிலைமை தலைகீழானது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் குழு நுழைந்தது இந்தப் பாட்டில்தான்.
- 2025 ஜூன் 27: 'ப்யூட்டிஃபுல் கேயாஸ்' மினி ஆல்பம். பில்போர்டு 200 ஆல்பம் பட்டியலில் 4-ஆம் இடத்தில் அறிமுகம்.
- 2025 ஆகஸ்ட்: சிகாகோ லொல்லாபலூசா விழா மேடை. அதே மாதம் கேப் நிறுவனத்தின் ஜீன்ஸ் விளம்பரம். 2003-ல் வந்த பழைய கெலிஸ் பாட்டுக்கு ஆறு பேரும் ஆடிய அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது.
- 2025 செப்டம்பர் 7: 'டச்' பாட்டுக்காக எம்டிவி வீடியோ மியூசிக் விருதுகளில் ஒரு விருது.
- 2025 நவம்பர் 7: இரண்டு கிராமி பரிந்துரைகள். ஒன்று 'சிறந்த புதிய கலைஞர்'. மற்றொன்று 'கேப்ரியேலா' பாட்டுக்காக, சிறந்த பாப் இணை அல்லது குழுப் பாடல் பிரிவில்.

முதல் பாட்டிலிருந்து கிராமி பரிந்துரை வரை சுமார் 16 மாதம். வேகம்தான். ஆனால் 2021-ல் ஆடிஷன் அறிவித்ததிலிருந்து கணக்கிட்டால் நான்கு வருட முதலீடு.

கேட்ஸ்ஐ உண்மையில் கே-பாப்தானா?

இதில் ரசிகர்களிடையே பெரிய சண்டையே உண்டு. பாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலம். குழு இருப்பது லாஸ் ஏஞ்சலஸ். உறுப்பினர்களில் கொரியர் ஒருவர். நிறுவனமே 'உலகளாவிய பெண்கள் குழு' என்றுதான் அழைக்கிறது.

மறுபக்கம், தேர்வு முறை, பயிற்சி முறை, நடன ஒழுங்கு, ரசிகர்களுக்கென்று தனிப் பெயர், வீவர்ஸ் செயலியில் ரசிகர்களோடு நேரடிப் பேச்சு எல்லாமே அச்சு அசல் கே-பாப். கொரியத் தொலைக்காட்சிகளின் வாராந்திர இசை நிகழ்ச்சிகளிலும் இவர்கள் ஆடியிருக்கிறார்கள்.

எளிதாகச் சொன்னால், ஃபில்டர் காபி போடும் முறையை மட்டும் எடுத்துப்போய் வேறு ஊர்க் கொட்டையில் போட்டிருக்கிறார்கள். அதைக் கும்பகோணம் டிகிரி காபி என்று சொல்லலாமா கூடாதா என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது. இந்தக் கட்டுரைக்கு முறைதான் முக்கியம்.

'முதல் இந்தியர்' என்று யாரைச் சொல்வது?

சமூக ஊடகங்களில் மூன்று, நான்கு பேருக்கு இந்தப் பட்டம் சூட்டப்படுகிறது. வரிசையாகப் பார்ப்போம்.

பிரியங்கா மஜும்தார்: அசாமைச் சேர்ந்தவர். 2019-ல் ஏழு ஆசிய நாடுகளிலிருந்து ஆளுக்கு ஒருவராகச் சேர்த்து உருவான இஸட்-கேர்ள்ஸ் குழுவில் இடம்பெற்றார். கொரிய முறையில் உருவானாலும், அந்தத் திட்டம் தன்னை 'இஸட்-பாப்' என்றே அழைத்துக்கொண்டது.

ஸ்ரேயா லெங்கா: ஒடிஷாவின் ரூர்கேலாவில் வளர்ந்தவர். ஒடிசி நடனம் கற்றவர். பிளாக்ஸ்வான் குழு 2021-ல் நடத்திய ஆடிஷனில் சுமார் 4,000 பேரில் இருந்து இறுதி இரண்டு பேரில் ஒருவராக வந்தார். சியோலில் பயிற்சி முடித்து 2022 மே மாதம் உறுப்பினரானார். கொரியாவிலேயே இயங்கும் கே-பாப் குழுவில் இடம்பிடித்த முதல் இந்தியர் என்று பரவலாகச் சொல்லப்படுவது இவரைத்தான். 2023 ஜனவரியில் கட்டாக்கில் நடந்த உலகக் கோப்பை ஹாக்கித் தொடக்க விழாவில், தன் மாநிலத்து மக்கள் முன்னால் குழுவோடு ஆடினார்.

ஆரியா: கேரளாவைச் சேர்ந்தவர். 2023 ஏப்ரலில் அறிமுகமான எக்ஸ்:இன் குழுவின் உறுப்பினர்.

லாரா ராஜ்: இந்திய வம்சாவளி அமெரிக்கர். இந்தியக் குடிமகள் அல்ல. கேட்ஸ்ஐ கொரியாவில் இயங்கும் குழுவும் அல்ல. அதனால் 'கே-பாப்பில் முதல் இந்தியர்' என்ற பட்டம் இவருக்குப் பொருந்தாது. இவர்கள் நால்வரில் சந்தையளவில் மிகப் பெரிய மேடை கிடைத்தது இவருக்குத்தான் என்று சொன்னால் சரி.

இன்னொரு தவறான தகவலும் சுற்றுகிறது: "சிறந்த புதிய கலைஞர் கிராமிக்கு வந்த முதல் இந்திய வம்சாவளிப் பெண்." இல்லை. சிதார் மேதை ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸ் 2003-லேயே அந்த விருதை வென்றுவிட்டார்.

தமிழர் என்று பார்த்தாலும் லாராவுக்கு முன் ஒரு பெரிய பெயர் உண்டு: எம்.ஐ.ஏ என்ற மாயா அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, போர் காரணமாக மறுபடி லண்டன் போனவர். 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு பில்போர்டு ஹாட் 100-ல் 4-ஆம் இடம் வரை போனது. 2009 கிராமியில் 'ஆண்டின் சிறந்த பதிவு' பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது.

இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காலம் எப்படி மாறியிருக்கிறது என்று தெரியும். எம்.ஐ.ஏ தன் பாட்டைத் தானே எழுதி, தன் அரசியலைத் தானே பேசி, அதற்கான விலையையும் தானே கொடுத்தவர். லாராவின் பின்னால் இரண்டு பெரிய நிறுவனங்கள், பயிற்சியாளர்கள், நடன இயக்குநர்கள், சந்தைப்படுத்தும் ஆட்கள் இருக்கிறார்கள். வாய்ப்பு பெரியது, சுதந்திரத்தின் எல்லை சிறியது.

பொட்டு: அடையாளமா, பிராண்டா?

அமெரிக்க பாப்பில் பொட்டு புதிதில்லை. 1990-களில் மடோனாவும் க்வென் ஸ்டெஃபானியும் வைத்துக்கொண்டார்கள், ஃபேஷன் ஆனது. அதே காலத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் பொட்டு வைத்துப்போன இந்தியக் குழந்தைகள் கேலிக்கு ஆளானார்கள். 1980-களின் பிற்பகுதியில் நியூ ஜெர்சியில் இந்தியர்களைத் தேடித் தாக்கிய கும்பல் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'டாட்பஸ்டர்ஸ்'. பொட்டைக் குறிக்கும் ஏளனச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது.

அந்த வரலாற்றுக்குப் பிறகு, வெள்ளைக்காரப் பாடகியின் ஃபேஷனாக இல்லாமல், ஒரு தமிழ்ப் பெண்ணின் நெற்றியிலேயே பொட்டு அமெரிக்க ஜீன்ஸ் விளம்பரக் காலத்து மேடைகளில் வருகிறது. புலம்பெயர்ந்த குடும்பங்களின் பெண்கள் அதைப் பார்த்து நெகிழ்வதற்குக் காரணம் இருக்கிறது.

அதே நேரம், வியாபாரக் கணக்கையும் மறக்க வேண்டாம். ஆறு பேர், ஆறு பின்னணி, ஆறு சந்தை. பழைய கே-பாப் முறை எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்தது. புதிய முறை வித்தியாசத்தையே விற்கிறது. லாராவின் தமிழ் அடையாளம் அவருக்கு உண்மையானது. நிறுவனத்துக்கு அது லாபமானது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். சிக்கல் வருவது, அந்த அடையாளத்துக்காக அடி விழும்போது. லாபத்தில் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. அடி மட்டும் அந்தப் பெண் மேல் விழுகிறது.

புகழோடு வந்த வெறுப்பு

2025 மார்ச்சில் வீவர்ஸ் செயலியில் ரசிகர்களிடம் தான் ஒரு குயர் பெண் என்று லாரா சொன்னார். கே-பாப் உலகில் இதை வெளிப்படையாகச் சொன்னவர்கள் மிகச் சிலர். சில மாதங்களில் மேகனும் தன் பாலின ஈர்ப்பு பற்றி வெளிப்படையாகப் பேசினார்.

பாராட்டு குவிந்தது. வசவும் குவிந்தது. இந்தியர் என்பதற்காக, நிறத்துக்காக, பாலின ஈர்ப்புக்காக. லாரா அமெரிக்காவில் சட்டவிரோதமாகத் தங்கி வேலை பார்ப்பதாக அமெரிக்கக் குடிவரவு அமலாக்கத் துறைக்கு யாரோ பொய்ப் புகார் அனுப்பியதாக அவரே வெளிப்படுத்தினார். பிறந்ததே அமெரிக்காவில் என்றாலும், பெயரும் நிறமும் போதும், ஒருவரை வெளியாள் ஆக்க. குழுவுக்குக் கொலை மிரட்டல்கள் வருவதாகவும், எவ்வளவு சமாதானம் சொல்லிக்கொண்டாலும் அது மனதை உலுக்குகிறது என்றும் பிபிசி பேட்டியில் பேசியிருக்கிறார்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. கே-பாப் முறையின் அடிப்படையே ரசிகர்களோடு ஓயாத நெருக்கம். செயலியில் பேசு, நேரலையில் வா, சாப்பிட்டதைச் சொல். அந்த நெருக்கம்தான் ஆல்பம் விற்கிறது. வசவு உள்ளே வருவதும் அதே கதவு வழியாகத்தான்.

ஒப்பந்தம்: பாடகி ஒரு 'தொழிலாளி'யா?

கொரியாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2009-ல் டிவிஎக்ஸ்க்யூ என்ற முன்னணிக் குழுவின் மூன்று உறுப்பினர்கள் தங்கள் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். காரணம், 13 வருட ஒப்பந்தம். அதே வருடம் கொரிய நியாய வணிக ஆணையம் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. அதன்படி அதிகபட்சக் காலம் 7 வருடம். கே-பாப் குழுக்கள் ஏழாவது வருடத்தில் உடைவது ஏன் என்று யோசித்திருந்தால், விடை இதுதான்.

பணத்தில் இன்னொரு முடிச்சு. சிறிய நிறுவனங்கள் பலவற்றில், பயிற்சி, வீடியோ, தங்குமிடம் என்று செய்த செலவைக் கழித்த பிறகுதான் பாடகர்களுக்குப் பங்கு வரத் தொடங்கும். அதனால் பாட்டு ஹிட்டாகி, மேடை ஏறி, கையில் காசு இல்லாத நிலை பலருக்கு வருகிறது.

2024 அக்டோபரில், ஹைப் குழுமத்தைச் சேர்ந்த நியூஜீன்ஸ் குழுவின் ஹன்னி, பணியிட அவமதிப்பு பற்றிக் கொரிய நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். அடுத்த மாதம் தொழிலாளர் அலுவலகம் சொன்ன பதில்: தொழிலாளர் சட்டத்தின்படி அவர் 'தொழிலாளி' அல்ல, அதனால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்குப் பொருந்தாது. வேலை நேரம் நிறுவனம் முடிவு செய்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு தனி வணிகர். கிக் வேலை பார்ப்பவர்களுக்குப் பழக்கமான வாதம்! அதே குழு 2024 நவம்பரில் ஒப்பந்தம் முறிந்ததாக அறிவித்தது. 2025 அக்டோபர் 30 அன்று சியோல் நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அமெரிக்காவிலும் பிரச்சினை வந்திருக்கிறது. கேட்ஸ்ஐ மாதிரியே ஜேஒய்பி நிறுவனம் உருவாக்கிய விச்சா என்ற குழுவின் 17 வயது உறுப்பினர் ஒருவர், 2024 டிசம்பரில் மோசமான பணிச்சூழலைக் குற்றம்சாட்டி வழக்குத் தொடுத்தார். நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டுகளை மறுத்தது.

இவை எதுவும் லாராவின் ஒப்பந்தம் பற்றிய தகவல்கள் அல்ல. இந்தத் துறை எந்தத் தரையில் நிற்கிறது என்பதற்கான உதாரணங்கள்.

இனி நம்ம ஊருக்கு என்ன?

கே-பாப்புக்கு இந்தியாவில் மண் ஏற்கெனவே பதமாகத்தான் இருக்கிறது. சென்னையில் இன்கோ மையம் 2006 முதல் கொரிய மொழி, கலை வகுப்புகள் நடத்துகிறது. இந்தியாவுக்கான கொரியக் கலாச்சார மையம் நடத்தும் கே-பாப் போட்டியின் மண்டலச் சுற்றுகள் பெங்களூருவுக்கும் வந்திருக்கின்றன. இதுவரை அங்கே ஆடியவர்களுக்குப் போட்டி முடிந்தால் வீடு. ஹைப் இந்தியா ஆடிஷன் தொடங்கினால், அடுத்த படி ஒரு ஒப்பந்தத் தாளாக இருக்கும்.

உங்கள் தங்கையோ, அக்கா மகளோ, பக்கத்து ஃப்ளாட் பிள்ளையோ அந்தத் தாளோடு வந்தால், அது எந்த நிறுவனமாக இருந்தாலும், கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை:

1. வயது என்ன? 1872 இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. பெற்றோர் எதில் கையெழுத்துப் போடுகிறார்கள், என்ன பொறுப்பை ஏற்கிறார்கள் என்பதை ஒரு வழக்கறிஞர் படித்துச் சொல்ல வேண்டும்.
2. பயிற்சிச் செலவு யார் கணக்கில்? தேர்வாகாமல் வெளியே வந்தால், அல்லது தானாக விலகினால், திருப்பிக் கட்ட வேண்டுமா?
3. கேமரா எப்போது ஆன் ஆகும்? போட்டி நிகழ்ச்சி, ஆவணத் தொடர் ஏதாவது திட்டத்தில் இருக்கிறதா? ட்ரீம் அகாடமிப் பெண்களுக்குத் தாமதமாகத் தெரிந்தது, உங்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிய வேண்டும்.
4. விலகிய பிறகு பாடலாமா? ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு பொதுவாக ஏற்பதில்லை. ஒப்பந்தக் காலத்துக்குள் உள்ள கட்டுப்பாடு வேறு விஷயம்.
5. பாட்டு, பெயர், இன்ஸ்டாகிராம் கணக்கு யாருக்குச் சொந்தம்? 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாடல் எழுதுபவர்களுக்கும் பாடுபவர்களுக்கும் ராயல்டி உரிமையை வலுப்படுத்தியிருக்கிறது. ஒப்பந்தத்தில் அதற்கு எதிராக ஏதாவது இருக்கிறதா?
6. படிப்பு? 20 பேரில் 14 பேர் திரும்பி வருவார்கள் என்பதுதான் எண்கள் சொல்வது. திரும்பி வந்தால் சேர ஒரு பள்ளி, கல்லூரி வழி திறந்திருக்கிறதா?
7. மிரட்டலும் வசவும் வந்தால் யார் பொறுப்பு? மனநல ஆலோசனை, சட்ட நடவடிக்கை, பாதுகாப்பு ஆகியவற்றின் செலவு யாருடையது?

68-ஆவது கிராமி விழா 2026 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது. விருது ஒருபக்கம் இருக்க, இந்தியாவில் நிறைய வீடுகளில் "நானும் போகட்டுமா?" என்ற கேள்வி எழும். வேண்டாம் என்று உடனே தடுக்கவும் தேவையில்லை, சரி என்று உடனே தலையாட்டவும் தேவையில்லை. ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொல்லி, இந்த ஏழு கேள்விகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.